சீருடை பாரசீகம், சம்பளம் லண்டன், தாயகம் ஸ்வீடன்

(வடாலாவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதல் உலகப் போரின்போது பாரசீக நாட்டின் காவல் படையில் பணியாற்றிய ஸ்வீடன் நாட்டு அதிகாரிகளைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பாரசீகம் நடுநிலை நாடு. ஸ்வீடனும் நடுநிலை நாடு. ஆனாலும் இந்தச் சில டஜன் அதிகாரிகளை முன்வைத்து லண்டன், பெர்லின், பெட்ரோகிராட், ஸ்டாக்ஹோம், தெஹ்ரான், சிம்லா ஆகிய ஆறு தலைநகரங்களுக்கு இடையே தந்திகள் பறந்தன.

வடாலாவில் இதை ஏன் பேச வேண்டும்? பம்பாய்த் துறைமுகத்துக்கும் வடாலாவுக்கும் இடையிலான போர்ட் டிரஸ்ட் ரயில் பாதை 1915ஆம் ஆண்டு முதல் நாள் திறக்கப்பட்டது. மெசபொட்டேமியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் படைகளும் குதிரைகளும் தீவனமும் இந்தத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறின. வளைகுடாவில் புஷேர் நகரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் இந்திய அரசின் அதிகாரி. அதாவது, தென் பாரசீகத்தில் நடந்த எதுவும் இந்தியாவுக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல. கருவூலக் கணக்கில் ஏறும் சொந்தச் செலவு. இன்னொரு நெருக்கமும் உண்டு. நம்மில் பலர் பன் மஸ்காவும் சாயும் சாப்பிட்டுப் பழகிய இரானி ஹோட்டல்களை நடத்தியவர்களின் முன்னோர் பெரும்பாலும் யாஸ்த், கெர்மான் வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களின் சாலைகளைக் காப்பதற்கும்தான் ஸ்வீடன்காரர்கள் அழைக்கப்பட்டார்கள்.

ஏன் ஸ்வீடன்?

1907 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனும் ரஷ்யாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பாரசீகத்தின் வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குப் பகுதி, தென்கிழக்கு பிரிட்டனுடையது, இடையில் உள்ளது பொது. பாரசீகத்தைக் கேட்காமலே இந்தப் பாகப்பிரிவினை முடிந்தது. அப்போது அந்த நாட்டில் அரசியலமைப்புப் புரட்சி நடந்து, மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

பாரசீகத்தின் கருவூலம் காலி. புஷேரிலிருந்து ஷிராஸ் வழியாக இஸ்ஃபஹானுக்குச் செல்லும் சாலையில் வணிகக் கூட்டங்கள் வழிப்பறிக்கு ஆளாயின. இதைக் காரணம் காட்டி 1910 அக்டோபரில் பிரிட்டன் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு கொடுத்தது. மூன்று மாதத்துக்குள் தெற்குச் சாலையில் ஒழுங்கு திரும்பாவிட்டால், இந்திய ராணுவ அதிகாரிகளின் கீழ் 1,000 முதல் 1,200 பேர் கொண்ட சாலைக் காவல் படை அமைக்கப்படும். அதன் செலவுக்குத் தெற்குத் துறைமுகங்களில் சுங்கத்தின் மேல் கூடுதல் வரி போடப்படும் என்பது அதன் சாரம். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ராணுவம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தெஹ்ரான் வேறு யாரையாவது தேடியது.

யாரைத் தேடுவது? வடக்கில் இருந்த கொசாக் படைப்பிரிவு 1879 முதலே ரஷ்ய அதிகாரிகளின் கையில் இருந்தது. சுங்கத்துறை பெல்ஜியக்காரர்களிடம். நிதித்துறைக்கு 1911 மே மாதம் அமெரிக்கரான மோர்கன் ஷூஸ்டர் வந்தார். பெரிய வல்லரசுகளை ஒதுக்கிவிட்டு, தூரத்தில் உள்ள, ஆசை இல்லாத நாடுகளிலிருந்து ஆள் எடுப்பது பாரசீக மந்திரிகளின் உத்தி. நல்ல உத்திதான். ஆனால் ஷூஸ்டர் தம் வரிவசூல் காவலுக்கு மேஜர் ஸ்டோக்ஸ் என்ற இந்திய ராணுவ அதிகாரியைத் தலைவராக்க விரும்பியபோது ரஷ்யா குறுக்கே நின்றது. பிரிட்டனும் தன் சொந்த அதிகாரியை விட்டுக்கொடுக்க மறுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தது. டிசம்பரில் மஜ்லிஸ் மூடப்பட்டது. 1912 ஜனவரியில் ஷூஸ்டர் ஊருக்குக் கிளம்பினார்.

ஸ்வீடன் இந்த வடிகட்டியில் தேறிய நாடு. அதற்குக் காலனி ஆசை கிடையாது; பாரசீகத்தில் பெரிய வணிகமும் கிடையாது. லண்டனும் பீட்டர்ஸ்பர்க்கும் தலையசைத்தன. 1911 ஆகஸ்டில் கேப்டன் ஹரால்ட் யால்மர்சன் தலைமையில் முதல் குழு தெஹ்ரான் வந்தது. அரசு ஜெண்டார்மெரி என்ற சாலைக் காவல் படை உருவாயிற்று. சில ஆண்டுகளில் சுமார் மூன்று டஜன் ஸ்வீடன் அதிகாரிகளும் ஏறத்தாழ 6,000 வீரர்களும் கொண்ட படையாக அது வளர்ந்தது. தெஹ்ரான் நகரப் போலீஸுக்குத் தலைவராக குன்னார் வெஸ்ட்டால் என்ற இன்னொரு ஸ்வீடன்காரர் 1913இல் வந்தார்.

மூன்று அதிகாரங்கள், மூன்று கைகள்

ஒரு காவல் அதிகாரியின் மேல் மூன்று அதிகாரங்கள் உண்டு. நியமிப்பது யார்? சம்பளம் கொடுப்பது யார்? திரும்ப அழைத்துக்கொள்ளக் கூடியவர் யார்? ஓர் ஊர்ப் போலீஸ்காரருக்கு மூன்றும் ஒரே அரசிடம் இருக்கும். அதனால் அவர் யாருடைய ஆள் என்ற கேள்வியே எழாது. பாரசீகத்தில் இந்த மூன்றும் மூன்று கைகளில் இருந்தன. நியமன ஆணை தெஹ்ரானுடையது. திரும்ப அழைக்கும் உரிமை ஸ்டாக்ஹோமுடையது. சம்பளம்?

1912இல் பிரிட்டனும் ரஷ்யாவும் சேர்ந்து பாரசீகத்துக்கு 2 லட்சம் பவுண்டு முன்பணம் கொடுத்தன. 1907 உடன்பாட்டுக்கு இசைவாக நடந்துகொள்ள வேண்டும் என்பது உட்பட நிபந்தனைகள் அதனுடன் ஒட்டியிருந்தன. ஜெண்டார்மெரியின் செலவுக்குப் பெருமளவு பிரிட்டன் கொடுத்த முன்பணங்களே கைகொடுத்தன. பணம் பாரசீக இம்பீரியல் வங்கி வழியாக வந்தது. பெயர்தான் பாரசீகம், அது பிரிட்டிஷ் வங்கி.

அமைதிக் காலத்தில் இந்தப் பிளவு யாரையும் உறுத்தவில்லை. சாலையில் கொள்ளை குறைய வேண்டும் என்பதில் மூன்று தலைநகரங்களுக்கும் ஒரே விருப்பம். வேலையும் எளிதாக இருக்கவில்லை. 1912 டிசம்பரில் இந்தியக் குதிரைப்படையைச் சேர்ந்த கேப்டன் எக்ஃபோர்ட் ஷிராஸ் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய படைப்பிரிவு தூதரகக் காவலுக்கென்று முந்தைய ஆண்டு இங்கிருந்து அனுப்பப்பட்டது. அதைத் திருப்பி அழைத்துக்கொண்டு, சாலையை ஸ்வீடன்காரர்களிடமே விட்டுவிட பிரிட்டன் முடிவு செய்தது. இந்தியச் சிப்பாய்க்குப் பதிலாக, பிரிட்டன் பணத்தில், ஸ்வீடன் மேற்பார்வையில், பாரசீகக் காவலர். சிக்கனமான ஏற்பாடு என்று எல்லோருக்கும் தோன்றியது.

போர் வந்ததும்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது தமிழர் அனைவருக்கும் தெரிந்த கதை. அதே நோக்கத்தின் தரைவழிப் பகுதி பாரசீகத்தில் நடந்தது. பிரிட்டனை இந்தியாவில் அசைக்க வேண்டும். அதற்கு ஆப்கானிஸ்தானை இழுக்க வேண்டும். அதற்குப் பாரசீகத்தைக் கடக்க வேண்டும். நீடர்மேயர், ஹென்டிக் இருவரும் நடத்திய ஜெர்மன் குழு, ராஜா மகேந்திர பிரதாப்பையும் மௌலவி பர்கத்துல்லாவையும் அழைத்துக்கொண்டு பாரசீகப் பாலைவனத்தைத் தாண்டி 1915 அக்டோபரில் காபூல் சேர்ந்தது. அங்கே டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தற்காலிக இந்திய அரசின் அமைச்சர் பட்டியலில் நம் செண்பகராமன் பிள்ளையின் பெயர் வெளியுறவுக்கு இருந்தது. இந்தக் குழுக்கள் கடந்துபோன நாட்டில் சாலைகளைக் காத்தவர்கள் யார்? ஜெண்டார்மெரி. சிம்லாவின் கவலை புரிகிறதல்லவா?

பாரசீகம் 1914 நவம்பர் 1 அன்று நடுநிலையை அறிவித்தது. ரஷ்யப் படை ஏற்கெனவே வடக்கில் உட்கார்ந்திருந்தது; துருக்கி மேற்கில் நுழைந்தது; பிரிட்டன் தெற்கில் எண்ணெய்க் கிணறுகளைக் காக்க ஆள் இறக்கியது. 1915 மார்ச்சில் புஷேரில் ஜெர்மன் கான்சல் லிஸ்டமானை பிரிட்டிஷ் படை கைதுசெய்து இந்தியாவுக்கு அனுப்பியது. ஒரு நடுநிலை நாட்டின் மண்ணில் ஒரு நாட்டின் கான்சலை இன்னொரு நாடு பிடித்துச் செல்வது எந்தச் சட்டத்திலும் அடங்காது. எட்டு மாதம் கழித்து ஷிராஸில் நடந்ததைக் கண்டிக்கும்போது லண்டன் இதை மறந்துவிட்டது, பெர்லின் மறக்கவில்லை.

ஸ்வீடன் அதிகாரிகளின் மனம் எந்தப் பக்கம் இருந்தது? பெரும்பாலோர் ஜெர்மனியின் பக்கம். காரணம் தேட வேண்டியதில்லை. ஸ்வீடன் 1809இல் ஃபின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்த நாடு. அதன் ராணுவ வட்டாரம் ஜெர்மன் ராணுவத்தை முன்மாதிரியாகப் பார்த்த ஒன்று. அரசி விக்டோரியாவே ஜெர்மன் இளவரசி. தெஹ்ரானில் கண்ணுக்கெதிரே ஆதிக்கம் செலுத்தியதும் அதே ரஷ்யா. ஸ்வீடன்காரர்களிடம் பயிற்சி பெற்ற பாரசீக இளம் அதிகாரிகளுக்கும் 1911இல் மஜ்லிஸை மூடவைத்த ரஷ்யா மீது ஆறாத கோபம். இரு தரப்பு மனக்குறைகளும் ஒரே முகாமில் சந்தித்தன.

இந்த நேரத்தில் பிரிட்டனின் பணவரத்து தளர்ந்தது. சம்பளம் நிலுவையில் விழுந்தது. ஜெர்மன் தூதர் ராய்ஸ் இளவரசரும் ராணுவப் பிரதிநிதி கானிட்ஸ் பிரபுவும் அந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். ஜெர்மன் பணம் உள்ளே வந்தது. நம் மரபில் செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் நினைவுக்கு வருவான். கர்ணனுக்குச் சோறு போட்டவன் கடைசிவரை ஒருவன்தான். அவனுக்கு வந்த சோதனை பாசத்தால் வந்தது. பாரசீகக் காவலரின் இலையில் பாதிச் சாப்பாட்டில் பரிமாறும் கை மாறியது. அவர் யாருக்குக் கடன்பட்டவர்?

ஷிராஸ், 1915 நவம்பர் 10

ஷிராஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்தவர் ஃபிரெடரிக் ஓகானர். யங்ஹஸ்பண்டின் திபெத் படையெடுப்பில் மொழிபெயர்ப்பாளராகச் சென்று, பின் கியாண்ட்சேயில் வணிக முகவராக இருந்த இந்திய ராணுவ அதிகாரி. அவருடைய உதவிக் கான்சல் குலாம் அலி கான் நவாப், இந்திய வேர் கொண்ட ஷிராஸ் குடும்பத்தவர். 1915 செப்டம்பரில் நவாப் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரில் ஒழுங்கு காக்க வேண்டிய ஜெண்டார்மெரி கொலையாளிகளைப் பிடிக்கவில்லை. ஓகானர் தெஹ்ரானுக்கு முறையிட்டார், தெஹ்ரான் ஷிராஸுக்கு எழுதியது, ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 10 காலை ஜெண்டார்மெரி வீரர்கள் தந்தித் தொடர்பைத் துண்டித்து, கான்சல் அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பீரங்கி வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. சரணடையச் சில மணி நேரமே கெடு. முன்னின்றவர் பாரசீக அதிகாரி மேஜர் அலிகுலி கான் பெஸ்யான். பின்னணியில் தென் பாரசீகப் பழங்குடிகளைத் திரட்டிக்கொண்டிருந்த ஜெர்மானியர் வாஸ்முஸின் கை. ஊரில் இருந்த பிரிட்டிஷார் அனைவரும், பெண்கள் உட்பட, பிடிபட்டு மலைப்பாதை வழியாகக் கடற்கரை நோக்கி நடத்தப்பட்டார்கள். பெண்கள் புஷேருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்கள் அஹ்ரம் என்ற ஊரின் கோட்டையில் 1916 ஆகஸ்டு வரை அடைபட்டுக் கிடந்து, கைதிகள் பரிமாற்றத்தில் வெளிவந்தார்கள். பிடிபட்டவர்களில் இம்பீரியல் வங்கியின் மேலாளரும் ஒருவர். காவலர்களுக்குச் சம்பளம் எந்த வங்கி வழியாக வந்ததோ, அதே வங்கி.

அதே மாதம் ஹமதான் நகரை ஜெண்டார்மெரி கைப்பற்றியது. தலைமை தாங்கியவர் முகம்மது தகி கான் பெஸ்யான். ரஷ்யப் படை தெஹ்ரானை நெருங்கியது. மஜ்லிஸ் உறுப்பினர் பலர் கும் நகருக்குப் போய்த் தேசியப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். இளம் மன்னர் அகமது ஷா தலைநகரை விட்டுக் கிளம்பத் தயாராகி, கடைசியில் தங்கிவிட்டார். ஆக, ஜெண்டார்மெரியின் முன் இரண்டு பாரசீகங்கள் நின்றன: தெஹ்ரானில் அரசர், கும்மில் குழு. ஸ்வீடன் அதிகாரிகளில் சிலர் வீரர்களுடனே குழுவின் பக்கம் போனார்கள். சிலர் தெஹ்ரானிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஸ்டாக்ஹோமின் பதில்

பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்கள் தெஹ்ரானிலும் ஸ்டாக்ஹோமிலும் கதவைத் தட்டினார்கள். ஸ்வீடனின் வெளியுறவு அமைச்சர் க்னுத் வாலன்பெர்க். அங்கே பிரிட்டிஷ் தூதர் எஸ்மி ஹோவர்ட். இதற்கு முன்பே, போர் மூண்டபின், செயற்பணிப் பட்டியலில் இருந்த அதிகாரிகளை ஸ்வீடன் திரும்ப அழைத்திருந்தது. யால்மர்சனும் ஊர் திரும்பினார். எட்வால் என்ற அதிகாரி தலைமை ஏற்றார். ஆனால் காப்புப்படைப் பட்டியலுக்கு மாறியவர்களும் பாரசீகத்துடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்டவர்களும் தங்கிவிட்டார்கள். சீருடை பாரசீகத்தினுடையது, ஒப்பந்தம் தனிமனிதருடையது. ஸ்வீடன் அரசு என்ன செய்யும்?

சட்டத்தைப் பார்ப்போம். 1907 ஹேக் மாநாட்டின் ஐந்தாம் உடன்படிக்கை, நிலப்போரில் நடுநிலையாளரின் உரிமை கடமைகளைச் சொல்வது. அதன் 6ஆம் பிரிவின்படி, தனிமனிதர் எல்லை தாண்டிப் போய்ப் போரிடும் தரப்பில் சேர்ந்தால் அவருடைய நாட்டுக்குப் பொறுப்பில்லை. 16, 17ஆம் பிரிவுகளின்படி, போரில் இல்லாத நாட்டின் குடிமகன் நடுநிலையாளர்; பகைச் செயலில் இறங்கினால் அந்தக் காப்பை அவர் இழப்பார். ஆனால் நடுநிலை நாட்டுக் குடிமகன், இன்னொரு நடுநிலை நாட்டின் காவல் படையில் இருந்துகொண்டு, அந்தப் படை பாதியாகப் பிளந்தபோது ஒரு பாதியுடன் போனால்? அவர் எதிரிப் படையில் சேரவில்லை. தாம் ஏற்கெனவே இருந்த படையில்தான் இருந்தார். இந்த நிலைக்கு ஹேக்கில் பிரிவு கிடையாது.

வாலன்பெர்க்குக்கு இந்த ஓட்டை வசதியாகவே இருந்தது. உள்நாட்டில் ஜெர்மன் ஆதரவாளர்களின் குரல் ஓங்கியிருந்தது. அதிகாரிகளைத் தண்டித்தால் வம்பு. பிரிட்டனும் ஓரளவுக்கு மேல் நெருக்க முடியவில்லை. ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்பும் வடக்கு வழி ஸ்வீடன் மண்ணைக் கடந்தது. ஷிராஸில் இழந்ததை ஸ்டாக்ஹோமில் வசூலித்தால் பெட்ரோகிராடுக்குப் போகும் சரக்குக்குத் தடை வரலாம். ஆகவே கண்டனக் குறிப்புகள் போயின, உறவு முறியவில்லை. ரஷ்யப் படை 1916இல் மேற்குப் பாரசீகத்தை அடக்கியபோதுதான் பிரச்சினை தானாகக் கரைந்தது. படை சிதறியது; அதிகாரிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். ராஜதந்திரம் தீர்க்காததைத் துப்பாக்கி தீர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

யால்மர்சனின் பிற்கதை இதற்கு நல்ல உரை. 1918இல் ஃபின்லாந்து உள்நாட்டுப் போரில் வெள்ளைத் தரப்புக்காகப் போரிட்ட ஸ்வீடன் தன்னார்வலர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போதும் ஸ்வீடன் நடுநிலை நாடு.

வேண்டாமென்றது வந்து சேர்ந்தது

1916 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி சர் பெர்சி சைக்ஸ் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கரையிறங்கினார்.  அவருடன் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிட்டிஷ் அதிகாரிகள், பயிற்சி கொடுக்க இந்திய ஹவில்தார்களும் நாயக்குகளும், காவலுக்குச் சில இந்தியக் குதிரைவீரர்கள். பின்னால் பலுச்சிக் காலாட்படை வந்து சேர்ந்தது. கெர்மான், யாஸ்த், இஸ்ஃபஹான் எனச் சுற்றி நவம்பரில் ஷிராஸ் சேர்ந்த சைக்ஸ், அங்கே எஞ்சியிருந்த ஜெண்டார்மெரியைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார். தென் பாரசீகத் துப்பாக்கிப் படை என்று அதற்குப் பெயர். ஓராண்டுக்கு முன் கான்சலைச் சூழ்ந்து நின்ற அதே படையணியினர் இப்போது பிரிட்டிஷ் சம்பளத்தில்.

1910 எச்சரிக்கைக் குறிப்பில் இருந்தது இதுதானே! இந்திய ராணுவ அதிகாரிகளின் கீழ் தெற்குச் சாலைக் காவல் படை. அது வராமலிருக்கத்தான் ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள். ஆறு ஆண்டு சுற்றி, இடையில் ஒரு போரையும் பார்த்துவிட்டு, வேண்டாமென்ற ஏற்பாடே வந்து சேர்ந்தது. 1917இல் ஒரு பாரசீக அமைச்சரவை இந்தப் படையை ஏற்றது. அடுத்த ஆண்டு வந்த அமைச்சரவை அதை அந்நியப் படை என்று மறுத்தது. 1918 கோடையில் கஷ்காய் பழங்குடியினர் ஷிராஸை முற்றுகையிட்டபோது படைக்குள்ளேயே கலகம் வெடித்தது; கானே ஜினியான் காவல் நிலையில் பிரிட்டிஷ் அதிகாரி கொல்லப்பட்டார். நடுநிலை நாட்டு அதிகாரிகளால் முடியாதது, போரிடும் நாட்டு அதிகாரிகளாலும் முடியவில்லை. 1921இல் படை கலைக்கப்பட்டது. அதே ஆண்டு கொசாக் படை அதிகாரி ரேசா கான் ஆட்சியைப் பிடித்து, கொசாக்குகளையும் ஜெண்டார்மெரியையும் ஒரே ராணுவமாக இணைத்தார்.

இன்றைக்கு என்ன?

இது முடிந்துபோன கதை அல்ல. ஐக்கிய நாடுகள் அவையின் சைப்ரஸ் பணிக்கு 1964இல் போலீஸார் தேவைப்பட்டபோது அழைக்கப்பட்ட நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. 2007இல் லைபீரியாவுக்கு இந்தியா தன் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மகளிர் பிரிவை அனுப்பியது. 2016 வரை சுழற்சி முறையில் அணிகள் சென்றன. பிற நாட்டு மண்ணில் பிற நாட்டுக் காவலர் என்ற ஏற்பாடு இன்று சாதாரணம்.

1911க்கும் இதற்கும் வேறுபாடு அதிகாரியின் குணத்தில் இல்லை. ஐ.நா. பணியில் ஆணை பாதுகாப்பு அவையுடையது, செலவு உறுப்பு நாடுகள் எல்லோரும் பகிர்ந்துகொள்வது, திரும்ப அழைக்கும் உரிமை அனுப்பிய நாட்டிடம் எழுத்தில் உள்ளது. இங்கும் கைகள் பல. ஆனால் எந்த ஒரு தரப்பும் தனியாகப் பணப்பையை வைத்திருப்பதில்லை. இங்கும் ஓட்டைகள் உண்டு. சந்தா நிலுவையில் வைத்துக் காரியம் சாதிக்கும் நாடுகள் உண்டு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் வழியே வேறு நாட்டு முன்னாள் அதிகாரிகளை வேலைக்கு எடுக்கும் அரசுகளும் உண்டு. அங்கெல்லாம் தனி ஒப்பந்தம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற ஸ்டாக்ஹோமின் பழைய பதில் சொல் மாறாமல் திரும்பி வருகிறது.

ஒருவர் நடுநிலை நாட்டில் பிறந்தார் என்பதால் அவர் நடத்தும் காவல் படை நடுநிலையாகிவிடாது. அதிகாரியின் கடவுச்சீட்டைப் பார்த்து மயங்காமல், நியமனம், சம்பளம், திரும்ப அழைப்பு மூன்றும் யார் கையில் என்று முதலில் கேட்க வேண்டும். பாரசீகம் தன் அதிகாரிகளை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வருவாய் அதன் கையில் இல்லை. சுங்கம் அடமானத்தில் இருந்தது. தன் காவலருக்குத் தன் பணத்தில் கூலி கொடுக்க முடியாத அரசு, எந்த நாட்டிலிருந்து அதிகாரிகளைக் கொண்டுவந்தாலும் தன் நடுநிலையைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சிறிய நாடுகள் பாதுகாப்பை வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதலில் படிக்க வேண்டியது நிதிப் பத்தி என்பதே என் முடிவு.